சுண்ணாம்பு மனிதனின் தூது

"அவன் காலுக்குக் கண்ணு இருக்கான்னு கேளு" என்றார் பின்சக், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். "கதவத் திறந்துட்டு ஓடறப்பல்லாம் என் கட்டை விரலத்தான் மிதிக்கிறான். வேணும்னே மிதிக்கிறான். கேளு அவன."

அந்த அவன், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் கான்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டெனிஸ் ராஃபர்ட்டி. சோல் பின்சக்கும் அவரும் இருபத்திரண்டு வருஷமாக ஜோடி. நாடகக் கொட்டகை, பிறகு ரேடியோ, பிறகு சினிமா. பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இல்லாமல் இன்னொருவர் பெயரை எழுத யாருக்கும் கை வராது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் சரிவாக நிறுத்திய ஒரு பலகையில் எல்மர் நைகார்ட் சாய்ந்து நின்றிருந்தான். உட்கார முடியாது. உடையின் முதுகில் கம்பி. ஆறே முக்கால் அடி உயரம், பூட்ஸின் அடித்தோல் இன்னும் நாலு அங்குலம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. முகம் காய்ந்த ஏரி மண்போல வெடித்திருந்தது. அவன்தான் சுண்ணாம்பு மனிதன்.

எல்மர் கழுத்தைத் திருப்ப முடியாமல் இடுப்போடு திரும்பினான். "சோல் கால்ல அடி" என்றான்.

"அந்தக் கால ஒரு மியூசியத்துல கொண்டுபோய் வைக்கச் சொல்லு" என்றார் ராஃபர்ட்டி. "மண்டைக்குள்ள மூளை இருக்கறவன் இடது பக்கம் ஓடுன்னா இடது பக்கம் ஓடுவான். மடையன்."

எல்மர் மறுபடி இடுப்போடு திரும்பினான். "சரி" என்றான்.

பின்சக் முதல் தடவையாகச் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "சரின்னா சொன்னான்?"

எல்மர் கண்ணை மூடித் திறந்தான். பொய் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் சொன்னதை அப்படியே சொல்வதற்கும் வழியில்லை. காலை ஐந்து மணிக்கு ஒப்பனைக்காரி ரோசால்பா அவன் முகத்தில் வேலையைத் தொடங்குவாள். நெற்றி, தாடை, கன்னம் என்று ரப்பர் துண்டுகளை ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு உதட்டின் மேலும் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டி, ஓரத்தில் மட்டும் ஒரு கீறல் விடுவாள். அந்தக் கீறல் வழியாகத்தான் காபியை உறிஞ்ச வேண்டும். உதடும் உதடும் சேராது. ப வராது, ம வராது, வ வராது. முட்டாள், மடையன், பன்னி, பேமானி, வெட்டிப்பயல் என்று மனிதன் மனிதனைத் திட்டுகிற சொற்களில் பாதிக்கு மேல் உதட்டைத் தட்டிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. எல்மரிடம் மிச்சமிருந்தது சரி, இல்லை, நல்லது, இரு, தெரியாது. பின்சக், ராஃபர்ட்டி என்ற பெயர்களைக்கூடச் சொல்ல முடியாமல் சோல், டெனி என்று ஆகிவிட்டது. பெற்றவர்களும் கட்டினவர்களும் மட்டும் கூப்பிட்ட பெயர்கள். முதல் நாள் அவன் அப்படிச் சொன்னபோது இரண்டு பேருமே யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலாவது வருஷம் அது. படம் இதுதான்: காணாமல் போன முத்துமாலையைத் தேடி இரண்டு தனியார் துப்பறிவாளர்கள் ஒரு பழைய சுண்ணாம்புச் சூளைக்கு வருகிறார்கள். நூறு வருஷமாக உள்ளே உறங்கியவன் எழுந்துகொள்கிறான். மாலை அவன் கழுத்திலேயே தொங்குகிறது. படம் முடியும்வரை இருவரும் அவனைத் தவிர எல்லா இடத்திலும் தேடுகிறார்கள். முதல் நாளே இயக்குநர் பேலி எல்மரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். "இது தமாஷ் படம்னு நெனச்சுக்காத. அவங்களுக்குத்தான் தமாஷ், உனக்கு இல்ல. நீ நெஜமா பயமுறுத்தினாத்தான் அவங்க சிரிப்புக்கு மரியாதை. நீ ஒரு தடவ சிரிச்சுட்ட, படம் போச்சு."

எல்மருக்கு அதில் கஷ்டம் இருக்காது என்று தோன்றியது. மினசோட்டாவில் மரக்கிடங்கில் வேலை செய்த நாளிலிருந்தே அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. டிராமில் அவன் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். குழந்தைகள் அம்மா பாவாடைக்குள் போய்விடும். அவன் கூன் போட்டு நடக்கவும், மெதுவாகப் பேசவும், பிறகு பேசாமலே இருக்கவும் பழகிக்கொண்டான். ஐந்து படத்தில் பேயாகவும் இரண்டில் கூலிக் கொலைகாரனாகவும் வந்திருக்கிறான். ஆனால் இந்த இருவர்! கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டால், வெளியே நாலு மாதமாக முகம் பார்க்காதவர்கள், ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுத்து விடுவார்கள். பின்சக் பூதக்கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "தடயம் தூரமா போயிட்டே இருக்கு" என்பார். ராஃபர்ட்டி நம்பி அதன் பின்னால் ஓடுவார். விளக்குப் பிடிப்பவர்கள் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் மெல்ல எழும் எல்மர், ரப்பருக்குள்ளே நாக்கைக் கடித்துக்கொண்டு, செத்துப்போன தன் நாயை நினைத்துக்கொள்வான்.

சண்டை என்னவென்று எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார்கள். ஜனவரியில் ராஃபர்ட்டிக்குப் பித்தப்பையில் அறுவை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பின்சக் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அதுமட்டுமில்லை, வாராந்திர ரேடியோ நிகழ்ச்சியை வேறொரு ஆளை வைத்துக்கொண்டு நடத்தினார். அதுவும் நன்றாகப் போயிற்று.

மிச்சக் கதை எல்மருக்கு மட்டும் தெரியும். பேச முடியாதவன் முன்னால் மனிதர்கள் சட்டையைக் கழற்றுவதுபோல மனதைக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் ஒரு மதியம், ராஃபர்ட்டி மட்டும் வரும் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது, பின்சக் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்த ஆஸ்பத்திரியிலதான் என் அண்ணன் உயிர விட்டான். நாலாவது மாடி. இவனையும் அதே மாடியில போட்டாங்க. தினம் கார் எடுத்துட்டுப் போவேன். கீழ யூகலிப்டஸ் மரத்தடியில நிறுத்துவேன். இவனுக்குப் பிடிச்ச டோனட் ஒண்ணு வாங்கிட்டுப் போவேன். ஜன்னலப் பாப்பேன். கால் எறங்காது, எல்மர். கார விட்டு எறங்காது. அப்புறம் டோனட்ட நானே தின்னுட்டுத் திரும்பிடுவேன். மூணு வாரம். நாலு பவுண்டு ஏறிட்டேன்." அவர் எழுந்து பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இத அவன்கிட்ட சொன்னா நம்புவானா? ரேடியோவுல பண்ண வேண்டிய ஜோக்கும்பான்."

மறுநாள் ராஃபர்ட்டியின் முறை. அவர் பின்சக்கைப்போல உட்காரக்கூட இல்லை. எல்மரின் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தூணிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"வராததக்கூட விடு. புதன்கிழமை ராத்திரி ரேடியோவுல இவன் குரல் வருது. பக்கத்துல எவனோ ஒருத்தன். நர்ஸ நிறுத்தச் சொன்னேன். அவ எழுந்து வர்றதுக்குள்ள எங்க பழைய கோழி ஜோக் வந்துடுச்சு. சிரிச்சேன். அடக்கப் பாத்தேன், முடியல. மூணு தையல் பிரிஞ்சு போச்சு. மறுபடி போட்டாங்க." அவர் பலகையை விரலால் தட்டினார். "நான் இல்லாம ஊரச் சிரிக்க வைக்கட்டும், சரி. நான் இல்லாம என்னயே சிரிக்க வச்சுட்டான். அப்ப நான் எதுக்கு?"

இரண்டு கதைகளும் எல்மருக்குள்ளே பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தன. நடுவில் ஒரு சுவர், அதில் கதவு இல்லை. வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினால் எல்லா எழுத்தும் திரும்ப வந்துவிடும். கண்ணாடி முன் நின்று, "மிஸ்டர் ராஃபர்ட்டி, பின்சக் தினமும் வந்தார்" என்று சொல்லிப் பார்ப்பான். சரியாகத்தான் வரும். காலையில் ஐந்து மணிக்கு ரோசால்பா அதை ஒட்டி மூடிவிடுவாள்.

அலமாரிக் காட்சி மூன்றாம் வாரம் வியாழக்கிழமை வந்தது. படத்துக்கே உயிர் அதுதான். துப்பறிவாளர்கள் சுண்ணாம்பு மனிதனுக்குப் பயந்து ஒரு பழைய துணி அலமாரிக்குள் ஒளிகிறார்கள். அவன் ஏற்கெனவே உள்ளே நிற்கிறான். இருட்டில் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துத் தைரியம் சொல்கிறார்கள். கைகளை எண்ணும்போது ஒன்று கூட வருகிறது. உண்மை தெரிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அலறியபடி வெளியே விழ வேண்டும். கட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் எல்லாம் செத்தது. ராஃபர்ட்டி பின்சக்கின் கோட்டை இரண்டு விரலால் பிடித்தார், எலியின் வாலைப் பிடிப்பதுபோல. பின்சக் கையை அவர் தோளுக்கு அரை அங்குலம் மேலே காற்றில் வைத்தார். பதினான்கு தடவை எடுத்தாகிவிட்டது. விளக்குக்காரர்களின் கைக்குட்டைகள் மடிப்புக் கலையாமல் பையிலேயே இருந்தன.

பேலி உதவியாளரிடம் பேசினார். இரண்டடி தள்ளி எல்மர் நின்றிருந்தான். ஆனால் அவன் எதிரில் பேசுவதை யார் பேச்சென்று கணக்கு வைப்பார்கள்? "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வரலேன்னா அலமாரிக் காட்சியத் தூக்கிடு. மேலிடத்துல சொல்லிட்டாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து ஒட்டிக்கலாம். இந்தப் படத்தோட ஒப்பந்தம் முடியுது. அதுக்கப்பறம் யார் எந்தப் பக்கம் போனா நமக்கென்ன."

ரோசால்பா ஏணியில் ஏறி அவன் தாடையில் விட்டுப்போன ஓரத்தை ஒட்டினாள். அவளும் கேட்டிருந்தாள். "கேமரா உன் முகத்துக்குக் கிட்ட வர்றது அந்த அலமாரிக்குள்ள மட்டும்தான்" என்றாள், தூரிகையை வாயில் கடித்துக்கொண்டு. "இந்த ரப்பர் முகத்துக்கு எட்டு மாசம் அச்சு எடுத்தேன். மிச்ச இடத்துலெல்லாம் நீ ஒரு வெள்ளைப் புள்ளி." அவ்வளவுதான் சொன்னாள். பஞ்சால் அவன் கன்னத்தில் பொடியை ஒற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

பதினைந்தாவது தடவைக்காக மூவரும் உள்ளே போய்க் கதவு சாத்தப்பட்டதும் வெளியே டப்பென்று ஒரு சத்தம். விளக்கு ஒன்று வெடித்துவிட்டது. "அப்படியே இருங்க, நின்ன இடம் மாற வேணாம், பத்து நிமிஷம்" என்று பேலியின் குரல் கேட்டது. யாரோ ஏணியை இழுத்தார்கள்.

உள்ளே முழு இருட்டு. நாப்தலீன் உருண்டை நெடி, ஆரஞ்சுத் தோல் வாசனை. எல்மரின் இடது பக்கம் பின்சக்கின் மூச்சு, வலது பக்கம் ராஃபர்ட்டியின் மூச்சு. இரண்டும் ஒன்றையொன்று தவிர்த்துக்கொண்டு மாறி மாறி வந்தன. அடுத்தவர் நம்பி ஒப்படைத்ததை அவன் வாழ்நாளில் திறந்ததில்லை. சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன்னை வெறுப்பார்கள் என்று நினைத்தான். அப்புறம், அதுவும் சேர்வதுதானே என்று தோன்றியது.

"டெனி" என்றான். "சோல் கார்ல. கீழ. தினசரி. கால் எழல."

இரண்டு மூச்சும் நின்றன.

"எல்மர்," என்றார் பின்சக் மெதுவாக, "வாய மூடு."

அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. எல்மர் இடுப்போடு திரும்ப முயன்றான், அலமாரி இடம் கொடுக்கவில்லை. நேராகப் பார்த்தபடியே சொன்னான். "சோல். டெனி ரேடியோ கேட்டார். சிரிச்சார். தையல் கிழிஞ்சிடுச்சு."

வெளியே ஏணி கிறீச்சிட்டது. யாரோ புது விளக்கைத் திருகினார்கள்.

"எந்தக் கார்?" என்றது ராஃபர்ட்டியின் குரல். எல்மரிடம் இல்லை. அவனைத் தாண்டி, அந்தப் பக்கம்.

"என்ன எந்தக் கார்?" என்றார் பின்சக். "என்கிட்ட எத்தன கார் இருக்கு?"

"ஒரு பச்சைக் கார் தினம் மரத்தடியில நின்னுது. எவனோ ஆஸ்பத்திரியில திருட நோட்டம் பாக்குறான்னு நர்ஸ்கிட்ட புகார் குடுத்தேன்."

"அந்தப் போலீஸ்காரன அனுப்பினது நீதானா?"

"வந்தானா? என்ன பண்ணினான்?"

"விசாரிச்சான். ஒரு டோனட்டக் குடுத்தேன். போயிட்டான்."

ராஃபர்ட்டி யோசித்தார். "அது எனக்கு வாங்கின டோனட்."

"ஆமா. உனக்கு வாங்கினதுதான்."

இப்போது இரண்டு மூச்சும் ஒரே தாளத்தில் வருவதை எல்மர் கேட்டான்.

"எத்தன தையல்?" என்றார் பின்சக்.

"மூணு."

"கோழிக்கா?"

"கோழிக்குத்தான்."

"கோழியில எந்த எடம்? முட்டை போடற எடமா, வக்கீலுக்குப் போன் போடற எடமா?"

மானத்தை விட்டுக் கொடுப்பதுபோல ராஃபர்ட்டி, "வக்கீல்" என்றார்.

"அதுக்கா? டெனி, அன்னிக்கு அந்த எடத்துக்கு ஹால்ல ஒருத்தன் சிரிக்கல. ஈ காக்கா சிரிக்கல. என் பக்கத்துல நின்ன பய அதக் கொன்னு போட்டான். வேர்த்து விட்டுடுச்சு எனக்கு. ஊர்லயே யாரும் சிரிக்கலன்னு நெனச்சேன்."

"நான் சிரிச்சேன்ல" என்றார் ராஃபர்ட்டி.

இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா, அழுகையா என்று முதலில் தெரியவில்லை. பிறகு வலது பக்கத்திலிருந்தும் வந்தது. அலமாரியின் பலகைகள் நடுங்கின. "வக்கீல்" என்று ஒருவர் மூச்சுத் திணறினார். "போலீஸ்காரன்" என்று மற்றவர் முனகினார். நடுவில் எல்மர் நாக்கைக் கடித்தான். நாயை நினைத்தான். நாய் எழுந்து வாலை ஆட்டியது. மூன்று வாரமாக விலாவுக்குள் அடைத்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. உதட்டுப் பட்டை சர்ரென்று கிழிந்தது. எல்மர் நைகார்ட் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, அவன் உட்பட. கப்பல் சங்குபோலத் தொடங்கி, கழுதைபோல இழுத்து, உச்சியில் ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக் குரலில் முடிந்தது.

"யார்டா அது?" என்றார் பின்சக்.

"நீ இல்லயா?" என்றார் ராஃபர்ட்டி.

இருட்டில் இரண்டு பேரும் உண்மையாகவே ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டார்கள். கதவு தெறித்தது. எட்டுக் கை கால் உள்ள ஒரே பிராணிபோல வெளியே உருண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு கன்னம் தொங்க, தாடை காதோரம் ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு மனிதன் வந்தான். விளக்குக்காரர்களுக்குக் கைக்குட்டையை எடுக்க நேரமில்லை. ஏணி மேல் இருந்தவன் ஏணியைக் கட்டிக்கொண்டான்.

"கேமரா ஓடுச்சா?" என்று பேலி கத்தினார்.

ஓடவில்லை. விளக்கு இன்னும் எரியவே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ரோசால்பாவைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக நடந்து வந்து, எல்மரின் மார்பில் தொங்கிய ரப்பர் கன்னத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். மேலே, பொடியும் பசையும் வேர்வையுமாக, ரப்பருக்கு அடியிலிருந்த முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரம் தினம் காலையில் தொட்ட முகம்தான். அதில் இப்படி ஒரு வாய் இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்" என்றாள் பேலியிடம். "இவன்கிட்ட யாரும் பேசக்கூடாது. முக்கியமா அந்த ரெண்டு பேரும்."

ஒப்பனை அறைக்கு வெளியே அந்த இரண்டு பேரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்போல நின்றார்கள். பட்டையை மறுபடி ஒட்டுவதற்கு முன் எல்மர் கதவுக்கு வந்தான். குனியவில்லை, கதவு நிலையின் மேற்கட்டை நெற்றியில் இடித்தது.

"மன்னிச்சுடுங்க, மிஸ்டர் பின்சக். மிஸ்டர் ராஃபர்ட்டி, நீங்களும். நம்பிச் சொன்னத நான் வெளிய விட்டிருக்கக் கூடாது."

பின்சக் ராஃபர்ட்டியைப் பார்த்தார். "இவனுக்கு ம வருதே."

"வேணாம்" என்றார் ராஃபர்ட்டி. "சோல், டெனின்னே கூப்பிடுப்பா. பழகிடுச்சு."

சாப்பாட்டு மணி அடித்தபோது எல்மருக்குப் பாதி முகம்தான் வந்திருந்தது. பேலி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துச் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டேயிருந்த இரண்டு குரல்களைக் கேட்டார். மேலிடத்துக்குப் போன் போட்டு விளக்கு இன்னும் சரியாகவில்லை என்றார். அது சரியாகி வெகுநேரமாகியிருந்தது.

இரண்டரை மணிக்கு எடுத்தார்கள். ஒரே தடவை. அலமாரிக்குள் கைகளை எண்ணினார்கள். ஐந்து வந்தது, மறுபடி எண்ணினார்கள், ஆறு வந்தது. வசனத்தாளில் இல்லாத ஒரு வரியை ராஃபர்ட்டி சொன்னார், அதில் இல்லாத ஒரு பதிலைப் பின்சக் சொன்னார். கேமரா மெல்ல நெருங்கியபோது நடுவில் வெள்ளை முகம் இருட்டிலிருந்து வெடிப்பு வெடிப்பாகத் தோன்றியது. ரோசால்பா தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள். எல்மர் சிரிக்கவில்லை. அந்த இருவர்மேலும் உள்ள பிரியத்தில், உலகத்தில் யாரும் இதுவரை பயமுறுத்தாத அளவுக்கு அவர்களைப் பயமுறுத்தினான்.

கட்டிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். எழுதியிருந்தபடி அவன் இருவரையும் ஆளுக்கொரு அக்குளில் தூக்கிக்கொண்டான். அங்கே பேலி 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். பேலியின் வாயில் கைக்குட்டை இருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, கை எதையோ சொல்ல முயன்று காற்றில் ஆடியது. சொல்லாதவரை நிற்கக்கூடாது என்பது எல்மருக்குத் தெரிந்த ஒரே சட்டம். அவன் நடந்தான். சூளையின் அட்டைச் சுவரைத் தாண்டினான். சுருட்டி வைத்த கம்பளங்களைத் தாண்டினான். பெரிய இழுவைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பிற்பகல் வெயில் வெள்ளையாக அடித்தது. வேறு ஏதோ படத்துக்கான ரோமானியச் சிப்பாய்கள் நாற்பது பேர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேநீருக்கு வரிசையில் நின்றார்கள். அவர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். எல்மர் முதுகு நிமிர்ந்து நடுவில் நடந்தான். ஒரு பக்கம் இரண்டு கால்கள், மறுபக்கம் இரண்டு கால்கள், நாலும் காற்றை உதைத்தன.

"எங்க போறான்?" என்றார் பின்சக் அக்குளுக்கு அடியிலிருந்து.

"தெரியல" என்றார் ராஃபர்ட்டி, மறு அக்குளிலிருந்து. "ஆனா காத்து நல்லா வருது."

சிப்பாய்களில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். அடுத்தவனும் கழற்றினான். வரிசை முழுக்கத் தகரம் மின்னிக்கொண்டே போயிற்று.